இலங்கைக்கு யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கை ஒன்றில் நான்கு அறைகளோடு ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறேன். தங்க வருகிறவர்கள், சொந்தக்காரர், தாங்களும் விடுதி தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதிலை ஒரு தரம் எழுதி வைத்தால் வாய்க்கு ஓய்வு. எண்ணிக்கைகள் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையும் மத்திய வங்கியும் வெளியிட்டவை. வருடம் குறிப்பிடாத இடங்களில் 2024 கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அபிப்பிராயங்கள் என்னுடையவை.

வருடத்துக்கு எத்தனை வெளிநாட்டவர் வருகிறார்கள்?

2024இல் 20 இலட்சத்து 53 ஆயிரம் பேர். 2025இல் 23 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தொட்டு, அதுவரை சாதனையாக இருந்த 2018ஐ (23 இலட்சத்து 33 ஆயிரம்) மயிரிழையில் முந்தியது.

ஆனால் இந்த எண்ணிக்கையைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. சுற்றுலாச் சபை தொடங்கிய 1966இல் வந்தவர்கள் மொத்தமே 19 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1982இல் 4 இலட்சத்தைத் தாண்டியது. அடுத்த வருடம் ஜூலைக் கலவரம், பிறகு போர். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு மெல்ல ஏறி 2004இல் 5 இலட்சத்து 66 ஆயிரம் ஆனது. அந்த வருடக் கடைசியில் சுனாமி. போர் முடிந்த 2009இல் 4 இலட்சத்து 48 ஆயிரம். 27 வருடம் ஓடியும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறோம்!

அப்புறம் ஒரே ஏற்றம், 2018 வரை. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகள், அடுத்து கொவிட். 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் கொவிட் தணிந்தும் பொருளாதார நெருக்கடியால் வந்த பெற்றோல் வரிசைதான் வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளில் ஓடியது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நல்ல சீசனிலும் முழுதாகச் சிரிக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் இந்த வரலாறுதான்.

எந்த நாட்டுக்காரர் அதிகம்?

இந்தியர். 4 இலட்சத்து 17 ஆயிரம், அதாவது ஐந்து பேரில் ஒருவர். அடுத்து ரஷ்யர் 2 இலட்சத்து 2 ஆயிரம், பிரித்தானியர் 1 இலட்சத்து 78 ஆயிரம், ஜேர்மனியர் 1 இலட்சத்து 36 ஆயிரம், சீனர் 1 இலட்சத்து 32 ஆயிரம். இந்த ஐந்து நாடுகளைக் கூட்டினாலே மொத்தத்தில் பாதியைத் தாண்டிவிடும். பிரான்ஸ், அவுஸ்திரேலியா, அமெரிக்கா, மாலைதீவு, நெதர்லாந்து எல்லாம் அதற்குப் பின்னால்.

இது வருடக் கணக்கு. மாதக் கணக்கில் வரிசை கலைந்து போகும். தை, மாசியில் ரஷ்யர் கூட்டம். பள்ளி விடுமுறை விடுகிற ஜூலை, ஓகஸ்டில் ஸ்பெயின், இத்தாலி, நெதர்லாந்துக் குடும்பங்கள். மாறாதது இந்தியர் மட்டும்தான். எந்த மாதமும் வருவார்கள்.

இந்தியர் எதற்கு வருகிறார்கள்? பக்கத்து நாடு என்பதாலா?

பக்கம் என்பது பெரிய காரணம்தான். சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையம். நீண்ட வார விடுமுறைக்கு வெள்ளி இரவு புறப்பட்டு செவ்வாய் காலை வேலைக்குப் போய்விடலாம். அதனால்தான் ஐரோப்பியர் பத்து நாள், இரண்டு வாரம் என்று நிற்கும்போது இந்தியர் நாலைந்து இரவில் திரும்பிவிடுகிறார்கள். கொழும்பில் திருமணம், நிறுவனங்களின் மாநாடு, கடைத்தெரு, கசினோ என்று வருகிறவர்களும் உண்டு.

ஆனால் ‘இந்தியர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வடஇந்தியாவில் இருந்து வருகிற குழுக்களில் பலர் இராமாயணத் தடம் பார்க்க வருகிறார்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் சீதா எலிய என்ற இடத்தில் சீதை அம்மன் கோயில் இருக்கிறது. பின்னால் ஓடை, ஓடைக்கரைப் பாறையில் சில பள்ளங்கள். அவை அனுமனின் பாதம் பட்ட இடங்கள் என்று சொல்கிறார்கள். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். கையில் நடைக்கோல், காலில் புத்தம்புது ஓட்டச் சப்பாத்து. குழுவோடு சமையல்காரரும் வந்திருந்தார். மதியச் சாப்பாடு ரொட்டியும் பருப்பும், பஸ்ஸுக்குப் பின்னால் வைத்தே பரிமாறினார்கள். 2024 மே மாதம் அந்தக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியின் சரயு நதித் தண்ணீர் கொண்டுவரப்பட்டது.

தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்களின் பாதை வேறு. திருக்கோணேஸ்வரம், முன்னேஸ்வரம், கதிர்காமம், நல்லூர். கோணேசர் மலையில் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. கொஞ்சப் பேர் 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டிய யாழ் நூலகம் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர்கள் முகம் மாறிவிடும்.

யாழ்ப்பாணத்துக்கு நேராக வர முடியுமா?

முடியும். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் ஆனது. கொவிட்டில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது, அடுத்த வருடம் திருச்சியில் இருந்தும் பறக்க ஆரம்பித்தது. கப்பல் என்றால் நாகபட்டினத்தில் ஏறி காங்கேசன்துறையில் இறங்கலாம், நான்கு மணி நேரம் அளவில். 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். பயணத்துக்கு முந்தின நாளும் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரஷ்யர் திடீரென்று எங்கிருந்து இவ்வளவு பேர்?

திடீர் என்பது சரிதான். 2018இல் ரஷ்யாவில் இருந்து வந்தவர்கள் அறுபத்தைந்தாயிரம் அளவில்தான். இப்போது மூன்று மடங்கு. உக்ரைன் போர் தொடங்கிய 2022 பெப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய விமானங்களுக்கு ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டது. திறந்திருந்த சூடான கடற்கரைகளில் ஒன்று நம்முடையது. இடையில் ஒரு சோதனையும் வந்தது. 2022 ஜூனில் ரஷ்ய நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் விமானம் ஒன்றை நீதிமன்ற உத்தரவின்படி கட்டுநாயக்கவில் மறித்து வைத்தார்கள். உடனே அந்த நிறுவனம் கொழும்புச் சேவையை நிறுத்தியது. ஒக்டோபரில்தான் திரும்ப வந்தது. அது போக, 2023 கடைசியில் ஏழு நாடுகளுக்கு வீசாக் கட்டணத்தை விலக்கியபோது பட்டியலில் ரஷ்யாவும் இருந்தது.

எதற்கு வருகிறார்கள் என்றால், வெயிலுக்கு. மொஸ்கோவில் பனி கொட்டுகிற மாதங்களில் தெற்குக் கடற்கரை ஊர்களான ஹிக்கடுவ, உனவடுன, மிரிஸ்ஸ பக்கம் போனால் சாப்பாட்டுக் கடைப் பலகையில் சிங்களத்துக்கு மேலே ரஷ்ய எழுத்து இருக்கும். சிலர் மாதக்கணக்கில் வீடு எடுத்துத் தங்கி, மடிக்கணினியில் வேலை பார்த்தார்கள். அவர்களில் கொஞ்சப் பேர் தாங்களே கடை, வாடகை மோட்டார் சைக்கிள் என்று நடத்தப் போக, உள்ளூர்க்காரருக்குக் கோபம். 2024 பெப்ரவரியில் உனவடுனவில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று ஒரு விருந்து அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக் கிளம்பி, கைவிடப்பட்டது. அதே நேரத்தில் நீண்டகால வீசா நீடிப்புச் சலுகையும் முடிவுக்கு வந்தது. ஒரு நாட்டுக்காரரை நம்பியே ஒரு ஊர் முழுக்கக் கடை விரித்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஜேர்மனியர் எல்லாரும் ஆயுர்வேதத்துக்கா வருகிறார்கள்?

எல்லாரும் இல்லை. ஆனால் பேருவளை, பெந்தோட்டைப் பக்கத்து ஆயுர்வேத விடுதிகளில் இரண்டு மூன்று வாரம் எண்ணெய்க் குளியலும் பத்தியச் சாப்பாடுமாக இருப்பவர்களில் ஜேர்மன் பேசுகிறவர்கள்தான் அதிகம். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1967இல் போட்ட பத்தாண்டுத் திட்டத்தில் பெந்தோட்டைக் கடற்கரையை விடுமுறைத் தலமாகவே உருவாக்கினார்கள். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் விடுதி எழுந்தது அங்கேதான். பயண நிறுவனங்கள் வாடகை விமானத்தில் ஆட்களை ஏற்றிவந்து இறக்கின. அப்போது வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

பிரித்தானியர்?

பழைய தொடர்பு, தேயிலைத் தோட்டத்துப் பங்களா, தேனிலவு, அப்புறம் கிரிக்கெட். காலி மைதானத்தில் இங்கிலாந்து ஆடினால் கோட்டை மதிலில் நின்று பார்க்கிற கூட்டம் தனி. ஆனால் ‘பிரித்தானியர்’ என்ற அந்த ஒன்றே முக்கால் இலட்சத்துக்குள் லண்டன் ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கிற நம்மவர்களும் இருக்கிறார்கள். அடுத்த கேள்வி அதுதான்.

கனடாவில் இருந்து வருகிற என் பெரியம்மாவும் சுற்றுலாப் பயணியா?

கணக்குப்படி ஆம். உலக அளவில் ஒத்துக்கொண்ட வரைவிலக்கணம் இதுதான்: வழக்கமாக வாழும் நாட்டை விட்டு வேறு நாட்டுக்குப் போய், குறைந்தது ஓர் இரவு தங்கி, ஒரு வருடத்துக்குள் திரும்பி, அந்த நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யாதவர் சுற்றுலாப் பயணி. கடற்கரையில் படுத்தாரா, செத்த வீட்டுக்கு வந்தாரா என்பது அதில் இல்லை.

என் விடுதியில் வெளிநாட்டவருக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. பெயர், நாடு, கடவுச்சீட்டு இலக்கம், வந்த திகதி, போகிற திகதி என்று கட்டம் போட்ட புத்தகம். போன திருவிழாவுக்கு வந்த ஓர் அம்மாவின் கடவுச்சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். நாடு: கனடா. அதற்குக் கீழே, பிறந்த இடம்: யாழ்ப்பாணம். என் புத்தகத்தில் பிறந்த இடத்துக்குக் கட்டம் இல்லை. ‘கனடா’ என்று எழுதி முடித்தேன். அவர் ஒழுங்கை முனையைக் காட்டி, “தம்பி, அந்தக் கிணத்தடியிலதான் நான் நீச்சல் பழகினது” என்றார். அவர் வீடு இருந்த காணியில் இப்போது வேறு யாரோ மாடி கட்டியிருக்கிறார்கள். இரண்டு நாளும் அந்தப் பக்கமே பார்க்காமல் கோயிலுக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் போய்க் கதவைத் தட்டி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

இணையத்தில் வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போது வருகையின் நோக்கம் என்ன என்று கேட்பார்கள். சுற்றிப் பார்க்க, உறவினர் நண்பர்களைச் சந்திக்க, ஆயுர்வேதம் உட்பட மருத்துவம், விளையாட்டு, கலைநிகழ்ச்சி என்று சில தெரிவுகள். அதில் ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம். பெரும்பாலும் விண்ணப்பத்தை நிரப்புவது மகனோ மருமகளோ. முதலில் கண்ணில் படுவதைத் தெரிவுசெய்துவிடுவார்கள். அதனால் ‘பெரும்பாலானோர் உல்லாசப் பயணத்துக்கு வந்தனர்’ என்று அறிக்கையில் வருகிற வரியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன்.

கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா என்று நம்மவர் போய்க் குடியேறிய நாடுகள் எல்லாவற்றின் எண்ணிக்கையிலும் இந்தக் கலப்பு உண்டு. தமிழருக்கு மட்டும் உரியதும் இல்லை இது. வென்னப்புவப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர் இத்தாலியில் நிறைய. அவர்களின் பிள்ளைகள் இத்தாலியக் கடவுச்சீட்டில் பாட்டி வீட்டுக்கு வருகிறார்கள்.

வந்தவர் யார் என்று அறிய நான் பார்ப்பது பெட்டியை. நம்மவர் வரும்போது சொக்லேட்டும் சவர்க்காரமும் சென்ட் போத்தலும் இருக்கும். போகும்போது மிளகாய்த்தூள், ஒடியல்மா, புழுக்கொடியல், பனங்கட்டி, முருங்கைக்காய் வற்றல். என் திண்ணையில் ஒரு தூக்குத் தராசு தொங்குகிறது. 23 கிலோவுக்கு மேல் போய்விட்டால் முதலில் வெளியே வருவது உடுப்புத்தான், மிளகாய்த்தூள் இல்லை.

சீனர் வரவு குறைந்துவிட்டதா?

2018இல் 2 இலட்சத்து 66 ஆயிரம், 2024இல் அதில் பாதி. சீனா தன் எல்லையைத் திறந்ததே 2023 ஜனவரியில்தான். முன்பு போல் கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் நாற்பது பேர் என்று வருவது குறைந்திருக்கிறது. இப்போது இளம் சோடிகளைத்தான் அதிகம் காண்கிறேன்.

புத்த யாத்திரீகர்கள்?

உண்டு. தாய்லாந்து, மியன்மார், கொரியா, ஜப்பான், சீனாவில் இருந்து அநுராதபுரத்து மகாபோதி அரசமரத்துக்கும் புத்தரின் பல் வைத்திருக்கிற கண்டித் தலதா மாளிகைக்கும் வருகிறார்கள். சீனத் துறவி பாகியான் அநுராதபுரத்துக்கு வந்தது ஐந்தாம் நூற்றாண்டில். அவரை இலங்கையின் ஆரம்பகாலச் சுற்றுலாப் பயணிகளில் ஒருவர் என்று சொல்லலாம். வீசாப் படிவத்தில் எதைத் தெரிவுசெய்திருப்பாரோ!

அலைச்சறுக்குக்காரர் ஏன் அறுகம்பே, வெலிகம என்று மாறி மாறிப் போகிறார்கள்?

காற்றைப் பார்த்து. இந்தத் தீவுக்கு இரண்டு பருவமழை. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது ஹிக்கடுவ, வெலிகமப் பக்கம் கடல் கலங்கிக் கிடக்கும், கிழக்கே அறுகம்பேயில் அலை ஒழுங்காகச் சுருண்டு வரும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அப்படியே தலைகீழ். திமிங்கிலம் பார்க்கிற படகுகளும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, மே பிறந்தால் திருகோணமலை. இந்தச் சின்ன நாட்டுக்கு வருடம் முழுக்க ஆள் வருவதற்குக் காரணம், ஏதாவது ஒரு கரையில் வெயில் இருப்பதுதான். இதைவிடப் பெரிய விளம்பரம் எந்த அமைச்சும் செய்ததில்லை.

அறுகம்பேயில் இஸ்ரேலியர் கூட்டம் அதிகம். இராணுவச் சேவை முடித்த கையோடு பல மாதப் பயணம் கிளம்புகிற இளைஞர்கள் அவர்கள். 2024 ஒக்டோபரில் அங்கே தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. ஒரே நாளில் ஊர் வெறிச்சோடியது.

எல்லாரும் சீகிரியாவுக்கும் எல்லவுக்கும் போகிறார்களே, அவ்வளவு விசேஷமா?

சீகிரியாப் பாறைக் கோட்டை விசேஷம்தான். வெளிநாட்டவருக்கு நுழைவுச்சீட்டு 30 டொலருக்கு மேல் என்றாலும் ஏறி இறங்கியவர் யாரும் காசை நினைத்து வருந்தி நான் கேட்டதில்லை. காலையில் ஏழு மணிக்கு முன் போங்கள். மலையக ஊரான எல்ல வேறு கதை. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் அழகு; அதைவிட, பாலத்தில் நின்று எடுத்த படம் தொலைபேசியில் சுற்றிய வேகம்தான் ஊரை நிரப்பியது. கண்டியில் இருந்து போகிற ரயில் பயணத்துக்காகவே வருகிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

ஆள் கூடினால் வருமானமும் கூடுமா?

அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. 2018இல் சுற்றுலா வருமானம் 438 கோடி டொலர், 2024இல் 317 கோடி. வந்தவர் தொகையால் பிரித்துப் பாருங்கள். அப்போது தலைக்கு 1,870 டொலர் அளவில், இப்போது 1,540 அளவில். 2025இல் ஆள் கூடியும் வருமானம் பெரிதாக ஏறவில்லை. தங்குகிற நாட்கள் குறைந்திருக்கின்றன, பக்கத்து நாடுகளில் இருந்து வருகிற குறுகிய பயணங்கள் கூடியிருக்கின்றன. பெரியம்மா கதையும் இதில் சேரும். அவர் தங்கை வீட்டில் தங்குவார், தங்கை கையால் சாப்பிடுவார். ஆனால் மருமகனுக்கு ஓட்டோ வாங்கக் காசு கொடுப்பார், கோயிலுக்கு மணிக்கூண்டு கட்டிக்கொடுப்பார். அது எந்த விடுதிக் கணக்கிலும் வராது. ‘செலவழிக்காத பயணி’ என்று அவரைச் சொல்வது அநியாயம்.

வடக்குக்கு வருகிற வெளிநாட்டவர் ஏன் இவ்வளவு குறைவு?

தூரம். கொழும்பில் இருந்து 400 கிலோமீற்றர். யாழ்தேவி ரயில் 2014இல் யாழ்ப்பாணம் வரை திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடுகிறது. பத்து நாளில் வருகிற ஐரோப்பியர் சீகிரியா, கண்டி, எல்ல, யால, தெற்குக் கடற்கரை என்று ஒரு வட்டம் அடிப்பார். அந்த வட்டத்தில் நாங்கள் இல்லை. இங்கே வருகிற வெள்ளைக்காரர் பெரும்பாலும் இரண்டாம் தடவை இலங்கை வருகிறவர், அல்லது போரைப் பற்றி வாசித்தவர். நெடுந்தீவுக்குப் போய் மட்டக்குதிரை பார்ப்பார், கோட்டை மதிலில் நடப்பார், கூழ் கேட்பார். தெற்கில் இருந்து நயினாதீவின் நாகதீப விகாரைக்கு பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் உள்நாட்டவர் என்பதால் இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு எப்போது அறை பிடிக்க வேண்டும்?

இருபத்தைந்து நாள் திருவிழா, ஆவணி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முந்தின நாள் தேர். பெரும்பாலும் ஓகஸ்டில் விழும். ஜனவரியிலேயே அழைப்பு வரத் தொடங்கிவிடும். தேருக்கு ஒரு வாரம் முன்பு கேட்டால் என்னிடம் இடம் இருக்காது. “விறாந்தையில பாய் போட்டால் காணும்” என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே கனடா, பிரித்தானியா, சுவிஸ் என்றுதான் எழுதியிருக்கும்.